10ல 9 டிப்ஸ் கரெக்ட்: திறமையா, அதிர்ஷ்டமா? பி-வேல்யூவை இப்படிப் புரிஞ்சுக்கோங்க

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் கூடலூர். ஊட்டிப் பக்கம் இருக்கிற கூடலூர் இல்லைங்க. தேனி மாவட்டக் கூடலூர், கம்பத்தைத் தாண்டி, லோயர் கேம்ப்புக்கு முன்னாடி வர்ற ஊர். பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். சென்னையில ஐடி வேலை, சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு போனை நீட்டினார். ஆப்ஷன்ஸ் டிப்ஸ் கொடுக்கிற ஒரு டெலிகிராம் சேனல். கடைசி 10 காலில் 9 டார்கெட் அடிச்சதா பச்சை டிக் போட்ட ஸ்கிரீன்ஷாட். பிரீமியம் குரூப்புக்கு மாசம் 5,000 ரூபாய். டிரேட் பண்ண முதல் எங்கேன்னு கேட்டேன். "அப்பா திராட்சை வித்த காசு மூணு லட்சம் இருக்குண்ணே. பேசிட்டேன். திங்கக்கிழமை என் அக்கவுண்ட்டுக்குப் போட்டுருவாரு."

"ஏமாத்து வேலை, போகாதே"ன்னு சொல்லியிருந்தா அவர் கேட்டிருக்க மாட்டார். அந்த சேனல் ஏமாத்துதுன்னு எனக்கும் தெரியாது. அதனால ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது, காசு சுண்டிப் போட்டுத்தான் டிப்ஸ் கொடுக்கிறார்னு வெச்சுக்கோ. அப்பவும் 10ல 9 கரெக்டா வர்றதுக்கு எவ்வளவு வாய்ப்பு?"

இந்தக் கேள்விக்கான பதிலுக்குப் பேர்தான் பி-வேல்யூ. வீடியோவில் இதை அவசரமா சொல்லிட்டுப் போயிட்டேன். இங்கே நிதானமா பார்ப்போம்.

கணக்கு இவ்வளவுதான்

முதல் வேலை, சந்தேகத்தைத் தெளிவா எழுதி வைக்கிறது. "இவருக்குத் தனித் திறமை எதுவும் இல்லை, வர்றதெல்லாம் அதிர்ஷ்டம்." பிளஸ் டூ வணிகக் கணிதப் புத்தகத்தில் இதை இன்மைக் கருதுகோள்னு படிச்சிருப்பீங்க. இதை முதல்ல உண்மைனு வெச்சுக்கிட்டு, கையில இருக்கிற ரிசல்ட் அதோட எந்த அளவுக்கு ஒத்துப்போகுதுன்னு பார்க்கணும். ஆடிட்டில் நாங்க செய்றதும் கிட்டத்தட்ட இதேதான்.

பூவா தலையா 10 தடவை போட்டா மொத்தம் 1,024 விதமா விழலாம் (2ஐ பத்து தடவை பெருக்கிப் பாருங்க). பத்தும் தலை விழறது 1 விதம். சரியா ஒன்பது தலை விழறது 10 விதம், ஏன்னா அந்த ஒரே ஒரு பூ முதல் தடவையிலிருந்து பத்தாவது தடவை வரை எதில் வேணா விழலாம். ஆக, 9 அல்லது அதுக்கு மேல தலை விழறது 11 விதம்.

11ஐ 1,024ஆல் வகுத்தா 0.0107. அதாவது சுமார் 1.1%. இதுதான் பி-வேல்யூ.

"9 அல்லது அதுக்கு மேல"ன்னு ஏன் சேர்க்கிறோம்? பத்துக்குப் பத்து வந்திருந்தா நீங்க இன்னும் அசந்து போயிருப்பீங்க. அதனால கிடைச்ச ரிசல்ட்டையும், அதைவிட அசத்தலான ரிசல்ட்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

பெரிய எண்ணுக்குக் கையால போட வேண்டாம். எக்செல்ல பைனாமியல் டிஸ்ட்ரிபியூஷன் ஃபங்ஷன் இருக்கு. ஒரு இடத்துல மட்டும் கவனம்: 10ல "9 அல்லது அதுக்கு மேல" வேணும்னா, 8 வரைக்குமான கூட்டு நிகழ்தகவை எடுத்து 1லிருந்து கழிக்கணும். 9 வரைக்கும் எடுத்துக் கழிச்சா, பத்துக்குப் பத்து வர்ற வாய்ப்பு மட்டும்தான் மிஞ்சும். நிறைய பேர் தப்பு பண்றது இங்கேதான்.

காசு சுண்டறதோட ஒப்பிடுறது நியாயமா?

தம்பி முகத்துல சிரிப்பு. "1.1% தானேண்ணே! அப்ப அதிர்ஷ்டம் இல்லைல்ல?"

அவசரப்படாதீங்க. அந்த சேனலோட கால்களை ஒண்ணொண்ணா திறந்து பார்த்தோம். 100 ரூபாய்க்கு வாங்கு, டார்கெட் 110, ஸ்டாப்லாஸ் 70. பெரும்பாலும் இதே மாதிரிதான். மேலே 10 ரூபாய் ஏறினா "டார்கெட் ஹிட்". கீழே 30 ரூபாய் இறங்கினாத்தான் தோல்வி. விலை எந்தத் திறமையும் இல்லாம, எந்தப் பக்கமும் சாயாம அப்படியும் இப்படியும் ஆடினாலே, 70ஐத் தொடுறதுக்கு முன்னாடி 110ஐத் தொடுற வாய்ப்பு 75%. பக்கத்துல இருக்கிற வாசலை முதல்ல தொடுறது சுலபம், அவ்வளவுதான்.

அதனால ஒப்பிட வேண்டியது 50% காசோட இல்லை, 75% காசோட. அப்படிப் போட்டா 10ல 9 அல்லது அதுக்கு மேல வர்ற வாய்ப்பு 24.4%. நாலு பேர் கண்ணை மூடிக்கிட்டு டிப்ஸ் கொடுத்தா, அதுல ஒருத்தருக்கு இந்த ஸ்கிரீன்ஷாட் கிடைச்சிடும். 1.1% எங்கே, 24.4% எங்கே! பி-வேல்யூ எந்த சந்தேகத்தை வெச்சு ஆரம்பிச்சீங்களோ அதைப் பொறுத்தது. சந்தேகத்தைத் தப்பா எழுதினா கணக்கு சரியா இருந்தும் விடை தப்பாத்தான் வரும்.

பணத்தையும் பாருங்க. 75% தடவை 10 ரூபாய் லாபம், அதாவது சராசரி 7.50. 25% தடவை 30 ரூபாய் நஷ்டம், அதுவும் 7.50. மிச்சம் பூஜ்யம். அதுக்கு மேல புரோக்கரேஜ், எஸ்டிடி, மாச சந்தா 5,000. "எத்தனை தடவை ஜெயிச்சீங்க"ங்கிறது வேற, "எவ்வளவு ஜெயிச்சீங்க"ங்கிறது வேற.

1% பி-வேல்யூன்னா 99% திறமைசாலியா?

இல்லவே இல்லை. இதுதான் உலகம் முழுக்க நடக்கிற தப்பு. 2016ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே இதுக்காக ஓர் அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. ஒரு கருதுகோள் உண்மையா இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு பி-வேல்யூ சொல்றதில்லைன்னு அதுல தெளிவா சொன்னாங்க.

ஒரு பேச்சுக்கு 1,000 சேனல் இருக்குன்னு வெச்சுக்கோங்க. எல்லாமே நியாயமா, டார்கெட்டும் ஸ்டாப்லாஸும் சம தூரத்துல வெச்சு 10 கால் கொடுக்குது. அதுல 10 பேர் மட்டும் நிஜத் திறமைசாலிகள், 80% சரியா சொல்றவங்க. மத்த 990 பேர் காசு சுண்டுறவங்க. 990 பேர்ல சுமார் 11 பேருக்கு அதிர்ஷ்டத்தாலேயே 9 அல்லது 10 சரியா வந்திடும். 10 திறமைசாலிகள்ல சுமார் 4 பேருக்குத்தான் அது வரும். ஆக, "10ல 9"ன்னு போஸ்ட் போடறவங்க மொத்தம் 15 பேர். அதுல 11 பேர் அதிர்ஷ்டக்காரங்க. ஒவ்வொருத்தருக்கும் பி-வேல்யூ 1.1% தான். ஆனா நீங்க ஒரு சேனலைப் பிடிச்சா அது அதிர்ஷ்டக்கார சேனலா இருக்க வாய்ப்பு நூத்துக்கு எழுபதுக்கு மேல!

மீதி 985 சேனல்? ஸ்கிரீன்ஷாட் போடாது. உங்க கண்ணுக்கே வராது.

எங்க ஊர்ப் பக்கம் பன்னீர் திராட்சை வாங்க வர்ற வியாபாரி பெட்டியில மேல அடுக்கின குலையை மட்டும் பார்த்துட்டு விலை பேச மாட்டார். கையை அடியில விட்டு ஒரு குலையை எடுத்துப் பார்ப்பார். தம்பிகிட்ட அதைத்தான் சொன்னேன்: "உங்க அப்பா பெட்டியையே அப்படிப் பார்த்துத்தானே வாங்குறாங்க? அவர் காசை நீ மேல அடுக்கினதைப் பார்த்துக் கொடுக்கிறியே."

அடிக்குலையை எடுக்கிறது எப்படி?

பழைய ரெக்கார்டை வெச்சு டெஸ்ட் பண்ணக் கூடாது. அதைப் பார்த்துத்தானே சேனலையே பிடிச்சீங்க? புதுசா வர்ற கால்களை வெச்சுப் பண்ணணும். மூணு விதி போட்டுக்கொடுத்தேன்.

ஒண்ணு, ஃப்ரீ குரூப்ல இனி வர்ற 20 கால்களையும் விடாம நோட்டுல எழுதணும். எடிட் பண்ணினாலும் டெலிட் பண்ணினாலும் உன் நோட்டுல இருக்கணும். ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது.

ரெண்டு, அவங்க டார்கெட்டை விட்டுட்டு மேலயும் கீழயும் சமமா 10 ரூபாய் வெச்சுக்கோ. அப்பத்தான் பூவா தலையாவோட ஒப்பிட முடியும்.

மூணு, எத்தனை வந்தா நம்பணும்னு இப்பவே எழுதி வை. 20ல 14 அல்லது அதுக்கு மேல அதிர்ஷ்டத்தால வர்ற வாய்ப்பு 5.8%. 15 அல்லது அதுக்கு மேலன்னா 2.1%. வழக்கமான கோடு 5%. 1925ல் வெளியான புத்தகத்தில் ரொனால்ட் ஃபிஷர், இருபதுக்கு ஒண்ணுங்கிறதை வசதியான எல்லையா சொன்னார். அது வசதிக்கு வெச்ச கோடு, சாமி வாக்கு இல்லை. நாங்க 15ன்னு எழுதினோம்.

ரிசல்ட் வந்த பிறகு கோட்டை நகர்த்தினா அந்த டெஸ்ட்டுக்கு அர்த்தமே இல்லை. "13 வந்துடுச்சு, இன்னும் ரெண்டு கால் பார்த்துடலாம்"னு நீட்டுறதும் அதே தப்புதான்.

திங்கக்கிழமை பணம் மாத்தலை. சில வாரம் கழிச்சு தம்பி போன் பண்ணினார். 20ல 12. பி-வேல்யூ 25%.

25%ன்னா திறமையே இல்லைன்னு அர்த்தமா?

அதுவும் இல்லை. இதுக்கு நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு.

பிசிஜி தடுப்பூசி காசநோயைத் தடுக்குமான்னு பார்க்க, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968ல் ஒரு பெரிய பரிசோதனை தொடங்கினாங்க. சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேர். யாருக்கு நிஜ ஊசி, யாருக்கு மருந்தில்லாத ஊசின்னு குலுக்கல் முறையில் முடிவாச்சு. 15 வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. பெரியவங்களுக்கு மொத்தத்தில் பாதுகாப்பு தெரியலை. குழந்தைகளுக்கு 27% பாதுகாப்பு தெரிஞ்சது.

27% நல்ல நம்பர்தானே? ஆனா அதோட கூடவே 95% நம்பிக்கை இடைவெளியையும் கொடுத்தாங்க: மைனஸ் 8%லிருந்து 50% வரை. அதாவது உண்மையான பலன் பாதிக்குப் பாதியா இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம். ரெண்டுமே இந்த டேட்டாவோட ஒத்துப்போகுது. இடைவெளிக்குள்ள பூஜ்யம் இருந்தா பி-வேல்யூ 5%க்கு மேலன்னு அர்த்தம். "பலன் இல்லைன்னு நிரூபிச்சாச்சு"ன்னு இதைப் படிக்கக் கூடாது. "அதிர்ஷ்டத்தை ஒதுக்கித் தள்ளுற அளவுக்கு ஆதாரம் கிடைக்கலை"ன்னு படிக்கணும். (குழந்தை பிறந்ததும் பிசிஜி போடறது மூளைக் காசநோய் மாதிரி கடுமையான வகைகளைத் தடுக்கத்தான். அதைத் தவறாம போடுங்க.)

லட்சக்கணக்கான பேரை 15 வருஷம் பார்த்தும் இவ்வளவு அடக்கமா பேசறாங்க. 10 காலை வெச்சுக்கிட்டு ஒருத்தர் "90% அக்யூரசி"ங்கிறார்!

அப்ப தம்பி என்ன பண்ணணும்?

அந்த சேனல்காரருக்குத் திறமை இல்லைன்னு 20 கால் நிரூபிக்கலை. ஆனா நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவரோடது, நம்மளோடது இல்லை. செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுப்படி, 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓவில் வர்த்தகம் பண்ணின தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அதுல 93% பேருக்கு நஷ்டம். செலவெல்லாம் சேர்த்து சராசரி நஷ்டம் தலைக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல லாபம் பார்த்தவங்க 1% மட்டும்தான். இவ்வளவு பெரிய பின்னணிக்கு எதிரா வைக்க நம்மகிட்ட இருந்தது 20ல 12.

அதனால அடுத்த தடவை யாராவது ஸ்கிரீன்ஷாட் நீட்டினா இந்த அஞ்சையும் கேளுங்க:

1. வெறும் அதிர்ஷ்டத்துல இது வர வாய்ப்பு எவ்வளவு?
2. டார்கெட் எவ்வளவு தூரம், ஸ்டாப்லாஸ் எவ்வளவு தூரம்?
3. இதே மாதிரி எத்தனை பேர் முயற்சி பண்ணி, வெளியே தெரியாம போனாங்க?
4. எல்லையை ரிசல்ட்டுக்கு முன்னாடி வெச்சீங்களா, பின்னாடி வெச்சீங்களா?
5. செலவெல்லாம் போக கையில எவ்வளவு நிக்குது?

இதுக்கு முன்னாடி, டிப்ஸ் கொடுக்கிறவருக்குப் பதிவு இருக்கான்னு செபி வெப்சைட்ல தேடிப் பாருங்க. பதிவு எண் இல்லைன்னா இந்த அஞ்சு கேள்விக்கே அவசியம் இல்லை.

தம்பி வீட்டுல அந்த மூணு லட்சத்துல சொசைட்டி கடனை அடைச்சுட்டு, மிச்சத்தை பேங்க்ல போட்டிருக்காங்க. அடைச்ச கடனுக்கு இனி வட்டி கட்ட வேண்டாம். அந்த லாபத்துக்குப் பி-வேல்யூ பார்க்கத் தேவையில்லை.

ஏற்கெனவே எஃப் அண்ட் ஓவில் இறங்கி நஷ்டப்பட்டிருந்தா, சம்பளக்காரர்களா இருந்தாலும் அதை ஐடிஆர்-3ல காட்டணும். எப்படிக் காட்டறதுன்னு அடுத்த வீடியோவில் படிப்படியா பார்ப்போம். அதுக்குள்ள ஒரு நோட்டு வாங்கி வெச்சுக்கோங்க.