ஏன் ஊர் மாறினீர்கள்? ஒரே ஒரு காரணம்தான் எழுதுவார்கள்

2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு நிலவரப்படி நாட்டின் பெரும்பகுதியில் மக்கள்தொகை கணக்கிடப்படும். அந்தத் தேதி நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: ரேஷன் கார்டு ஊரில், வேலை திருப்பூரில், எங்களை எங்கே எழுதுவார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விதிப்படி, கணக்கெடுக்கும் நாட்கள் முழுக்க ஊருக்குப் போகாமல் திருப்பூரில் இருந்தால் திருப்பூரில்தான். ரேஷன் கார்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதைவிடக் கவனிக்க வேண்டியது 'ஏன் இடம்பெயர்ந்தீர்கள்?' என்ற கேள்வி. 2011 படிவத்தில் இதற்கு ஏழு விடைகள்: வேலை, வியாபாரம், படிப்பு, திருமணம், பிறந்ததும் இடம் மாறியது, குடும்பத்தோடு வந்தது, மற்றவை. ஒருவருக்கு ஒன்றுதான்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பதி திருப்பூர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனி. கணவர் கட்டிங், மனைவி செக்கிங். கணவருக்கு 'வேலை' என்று பதிவாகும். மனைவிக்கு 'குடும்பத்தோடு வந்தவர்' என்று எழுதிவிடுவது எளிது. கல்யாணமாகி நேரே வந்தவர் என்றால் 'திருமணம்'. வேலைக்காக வந்தவர்கள் கணக்கில் அவர் வரவே மாட்டார்.

2020-21 தொழிலாளர் கணக்கெடுப்பில், இடம்பெயர்ந்த பெண்களில் 86.8 சதவீதம் பேருக்குக் காரணம் திருமணம். இந்த எண்ணை நம்பித் திட்டம் போட்டால், பெண்கள் விடுதிக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் தேவையே இல்லை என்றுதான் தோன்றும்.

1991 படிவத்தில் வறட்சி, வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றமும் ஒரு காரணமாக இருந்தது. 2001இல் அதை எடுத்துவிட்டார்கள். ராமநாதபுரத்தில் கண்மாய் வறண்டு, விதைத்தது கருகி, சென்னைக்குக் கொத்து வேலைக்கு வந்தவரும் 2011 கணக்கில் வெறும் 'வேலை'தான். வறட்சி துரத்தியது பதிவாகாதபோது, அதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதும் இல்லை.

இடம்பெயர்ந்தோர் 2023இல் 40.2 கோடியாகக் குறைந்துவிட்டதாகப் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024 டிசம்பரில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஊர்களிலேயே வசதி பெருகியது காரணமாக இருக்கலாம் என்றது அறிக்கை. ரயில் டிக்கெட், செல்போன் தரவுகளைக் கொண்டு போட்ட மதிப்பீடு அது. ஏன் வந்தாய், ஏன் போகவில்லை என்று எவரிடமும் கேட்டுச் சொன்னதல்ல.

வாசகர்களின் மற்ற கேள்விகளுக்கும் சுருக்கமாகப் பதில். வடமாநிலத் தொழிலாளர்களை எங்கே எண்ணுவார்கள்? அவர்கள் தங்கியிருக்கும் நம் ஊரில்.

வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடுமா? போகாது, அது தேர்தல் ஆணையத்தின் தனி வேலை.

சொல்லும் விவரம் வெளியே போகுமா? 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம்.

பதில் யார் சொல்வது? வழக்கமாகக் குடும்பத் தலைவர். 'ஏன் இடம்பெயர்ந்தீர்கள்?' என்ற கேள்விக்கு மட்டுமாவது பெண்களே பதில் சொல்லுங்கள், வேலைக்கு வந்திருந்தால் 'வேலை' என்றே எழுத வையுங்கள்.