கொப்பிக்குள் ஒளித்த தண்டப் பத்திரம்



ஒரு நாள் காலை, சுபஹுத் தொழுகைக்குப் பின் மத்ரஸாவில் பிள்ளைகள் ஓதிக் கொண்டிருந்த வேளை. எம்மிடம் ஓதும் ஒரு சிறுவனின் தாயார் வாசலில் வந்து நின்றார். கையில் கசங்கிய ஒரு தாள். கடைக் கணக்கு எழுதும் கொப்பிக்குள் இருந்து எடுத்தாராம். சிங்களத்தில் கையால் எழுதப்பட்டிருந்தது.

"ஹஸ்ரத், இது என்னெண்டு ஒருக்கா பாருங்கோ. வீட்டுக்காரர் ஒரு கிழமையா லொறிக்குப் போகல்ல. கேட்டா ஒண்டும் சொல்றாரில்ல" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பொலிஸார் கொடுத்த தண்டப் பத்திரம். ஆசனப்பட்டி அணியாத குற்றம். ஆயிரம் ரூபாய் தண்டம். ஆனால் பத்திரம் எழுதி முப்பத்து மூன்று நாட்கள் கடந்து விட்டன!

கணவர் கற்பிட்டியிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறியின் சாரதி. சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸார் எடுத்துக் கொண்டு இந்தத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மாதம் கையில் காசில்லை. மனைவியிடம் சொல்ல வெட்கம். 'நாளைக்குக் கட்டுவோம்' என்று கொப்பிக்குள் வைத்தவர், வைத்தது வைத்தபடியே விட்டு விட்டார். விஷயம் தெரிந்ததும் முதலாளி வேறொரு சாரதியை அமர்த்திக் கொண்டார்.

தாயார் அழுதபடி சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது: "எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா சீட்டுக் காசில எடுத்துக் குடுத்திருப்பேனே!"

பதினான்கு நாட்கள்

நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது ஒரு சாரதியின் உழைப்பால். பாலாவி – கற்பிட்டிப் பாதையில் மீனும் கருவாடும் மரக்கறியும் ஏற்றுபவர்கள், முச்சக்கர வண்டி ஓட்டுபவர்கள், புத்தளத்திலிருந்து கொழும்புக்கு வேன் ஓட்டுபவர்கள் என்று பலர். ஆகவே இந்தத் தாளைப் பற்றி வீட்டிலுள்ள பெண்களும் அறிந்திருப்பது அவசியம்.

சிறு போக்குவரத்துக் குற்றங்களுக்குப் பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் கொண்டு தண்டப் பத்திரம் கொடுப்பார்கள். அந்தத் தாளே பதினான்கு நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமுமாகும். அதற்குள் தபாலகத்தில் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்து விடும். 2025 ஏப்ரலில் குருநாகல் – அநுராதபுரம் பாதையில், கையடக்கத் தொலைபேசி மூலமாகவே தண்டத்தைக் கட்டும் 'கவ்பே' முறை பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. பின்னர் ஏனைய பகுதிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது.

பதினான்கு நாட்கள் கடந்தால் தண்டம் இரட்டிப்பாகும். ஆயிரம், இரண்டாயிரமாகும். இருபத்தெட்டு நாட்களும் கடந்தால் தபாலகத்தில் கட்ட முடியாது. விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் விடும். குறித்த தவணைக்கு அங்கும் போகாதிருந்தால் பிடியாணை பிறக்கவும் கூடும். ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்று, ஒளித்து வைத்த காரணத்தால் எங்கே கொண்டு போய் விடுகிறது பார்த்தீர்களா?

குறுக்கு வழி வேண்டாம்

அந்தத் தாயார் இன்னொன்றும் சொன்னார். மூவாயிரம் கொடுத்தால் 'உள்ளுக்குள்' ஆள் பிடித்து அனுமதிப்பத்திரத்தை எடுத்துத் தருவதாக ஒருவர் கணவரிடம் கூறியிருக்கிறாராம்.

சகோதரிகளே, லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபிகளார் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்பது நாம் சிறு பிள்ளைகளுக்கே ஓதிக் கொடுக்கும் பாடம். நாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. ஆயிரத்தில் முடிய வேண்டியதை மறைத்தது ஒரு பிழை. அதை மறைக்க இன்னொரு பெரும் பாவமா?

காசில்லாவிட்டால்?

உண்மையிலேயே காசில்லாதவர் என்ன செய்வது? நீதிமன்றத்துக்கு அஞ்சி ஒளிய வேண்டியதில்லை. குற்றத்தை ஒப்புக் கொண்டு, நிலைமையை எடுத்துச் சொல்லித் தவணை கேட்கலாம். தண்டத்தைக் கட்டக் கால அவகாசம் கொடுக்கவும், பகுதி பகுதியாகக் கட்ட அனுமதிக்கவும் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் பல மாநிலங்களில், தண்டம் கட்டாதவரின் அனுமதிப்பத்திரத்தையே இடைநிறுத்தி வந்தார்கள். வாகனமின்றி வேலைக்குப் போக முடியாது. வேலையின்றித் தண்டம் கட்ட முடியாது. இந்தச் சுழலில் ஏழைகளே அகப்பட்டார்கள். அதனால் கலிபோர்னியா மாநிலம் 2017 இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. உழைக்கும் கையைக் கட்டி விட்டுக் கடனைக் கேட்பது முறையாகுமா என்ற கேள்வி அங்கும் எழுந்திருக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்து விடக் கூடாது. தண்டம் கட்டும் வரை பொலிஸார் எடுத்து வைப்பது வேறு. மதுபோதையில் ஓட்டுவது போன்ற பாரதூரமான குற்றத்துக்காக நீதிமன்றம் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்துவது வேறு. பின்னையதில் தண்டத்தைக் கட்டினாலும் குறித்த காலம் முடியும் வரை ஓட்ட முடியாது. 'பக்கத்தில்தானே' என்று ஓட்டினால் அது புதிய குற்றம். அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுவதற்கு இன்று குறைந்தது 25,000 ரூபாய் தண்டம். அந்நேரம் விபத்தொன்று நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கவும் இடமுண்டு. அடிபட்டவரின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

ஒரு சொல்

அந்தச் சகோதரர் தவணையன்று நீதிமன்றம் சென்றார். மனைவியும் கூடவே போனார். குற்றத்தை ஒப்புக் கொண்டார். விதித்த தண்டத்தைச் சீட்டுக் காசில் கட்டி, அனுமதிப்பத்திரத்தைப் பெற்று வந்தார். ஆனால் பழைய லொறி கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கூலி வேலை செய்த பிறகே வேறொரு முதலாளியிடம் சேர்ந்தார்.

கணவன்மாரே, தண்டம் விழுந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். சகோதரிகளே, அவர் சொல்லும் போது ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்தே பல தாள்கள் கொப்பிக்குள் போகின்றன. முதலில் திகதியைப் பாருங்கள். பதினான்கு நாளை எண்ணுங்கள். பிறகு ஆசனப்பட்டியைப் பற்றி ஆறுதலாகப் பேசலாம்.

அந்த வீட்டில் இப்போது மின்சாரப் பட்டியல் தொங்கும் ஆணியிலேயே இத்தகைய தாள்களுக்கும் இடம் ஒதுக்கி இருக்கிறார்களாம். அல்ஹம்துலில்லாஹ், இன்று வரை அந்த இடம் காலியாகவே இருக்கிறது.