விசாவுக்கு முன்னால் டீசலைப் பாருங்கள்

மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையைத் தொட்டு இரண்டு நெடுஞ்சாலைகள் போகின்றன. ஒன்று கொச்சியிலிருந்து தேனி வழியாக மதுரைக்கு. மற்றது கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு. வேனிலோ பிக்கப்பிலோ படுக்கை போட்டுக்கொண்டு இங்கிருந்தே நாடு தாண்டிப் போய்வர ஆசைப்படுகிறவர்கள் விசாவையும் வண்டிக்கான சுங்கப் பத்திரத்தையும் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டி வைத்திருப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது வேறு: போகிற நாட்டு பங்க்கில் கிடைக்கும் டீசலில் கந்தகம் எவ்வளவு?

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாடு முழுவதும் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பி.எஸ்.4 காலத்தில் இந்த வரம்பு 50, பி.எஸ்.3 காலத்தில் 350. இன்றைய வண்டியின் புகைக்குழாயில் இருக்கும் சாதனங்கள் இந்த 10-ஐ நம்பிச் செய்யப்பட்டவை. கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது சுமார் 600 டிகிரி வரை சூடேறி அந்தக் கரியை எரித்துவிடும். கந்தகம் கூடினால் வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் வினையூக்கி மங்கும். சல்பேட் துகள்கள் வடிகட்டிக்குள் சேரும். கரியை எரிக்கும் வேலை அடிக்கடி நடக்க வேண்டிவரும், பாதியில் நின்றும் போகும். பிறகு டேஷ்போர்டில் விளக்கு எரியும், இன்ஜின் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரே டேங்க்கில் எல்லாம் பாழாகிவிடாது. வாரக்கணக்கில் அந்த டீசலிலேயே ஓட்டுவதுதான் ஆபத்து.

நேபாளம் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே விற்பது இந்தியன் ஆயில் அனுப்பும் டீசல். 2019-ல் திறந்த மோதிஹாரி–அம்லேக்கஞ்ச் குழாய் வழியாகவும் போகிறது. பூட்டானுக்கும் எரிபொருள் நம்மிடமிருந்துதான். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு இந்த இரண்டையும்தான் நான் சொல்வேன். பக்கத்தில் இருக்கும் இலங்கைக்கு வண்டியோடு பயணிகள் கப்பலேற வழியில்லை. 2023-ல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஆட்களை மட்டுமே ஏற்றுகிறது. மேற்கே வாகா வழி அடைபட்டிருப்பதால் வண்டியைக் கப்பலில் வளைகுடாவுக்கு அனுப்ப வேண்டும். அமீரகத்தில் சுத்தமான டீசல் உண்டு. ஈரானிலும் ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் ஊருக்கு ஊர் தரம் மாறும். அந்தப் பக்கம் போகிறவர்கள் பெட்ரோல் வண்டியையோ இந்தச் சாதனங்கள் வருவதற்கு முந்தைய டீசல் வண்டியையோ எடுத்துப்போவது நல்லது.

வடிகட்டியைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டரை ஏமாற்றிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். நிறுவனம் தந்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு எதிரானது. அதைவிட முக்கியம், அந்தக் கரி நாம் கடந்துபோகும் ஊர்க்காரர்களின் நுரையீரலுக்குள் போகும்.

அடுத்தது 'ஆட்ப்ளூ'. பெரிய வண்டிகளில் நைட்ரஜன் ஆக்சைடுகளை அடக்கும் இந்தத் திரவத்தில் 32.5 சதவீதம் தூய யூரியா, மீதி சுத்திகரித்த நீர். தீர்ந்துபோனால் இன்ஜின் வலுவிழக்கும். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றவே கூடாது. 2015 முதல் நம் உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகிறது, அந்த எண்ணெயும் மற்ற கசடும் வினையூக்கியைக் கெடுக்கும். மதுரை வெயிலில் கேனை வண்டிக்குள் போட்டு வைத்தாலும் கெடும்: 25 டிகிரியில் ஒன்றரை ஆண்டு தாங்குவது 35 டிகிரியில் ஆறு மாதம்தான். லடாக் பக்கம் போனால் நேர்மாறு, மைனஸ் 11-ல் உறைந்துவிடும். வண்டியில் உள்ள ஹீட்டர் அதை உருக்கிக்கொள்ளும். டீசலும் அங்கே கெட்டிப்படும் என்பதால், மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அங்கே அறிமுகப்படுத்தியது. குளிர்காலத்தில் போகிறவர்கள் மேலே ஏறியதும் அதையே கேட்டு நிரப்ப வேண்டும்.