நாளைய சிலாங்கூர் ஆறு



கோலகுபு பாருவுக்கு அருகில் அம்பாங் பெச்சா என்ற ஊர் இருக்கிறது. வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வாழும் நம்மில் பலர் அந்த ஊர் வழியாகப் போய் வந்திருப்போம். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? மலாய் மொழியில் 'எம்பாங்' என்றால் அணை; 'பெச்சா' என்றால் உடைந்தது. உடைந்த அணை என்பதே அவ்வூரின் பெயர்.

இன்று அம்பாங் பெச்சா இருக்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் பழைய கோலகுபு பட்டணம் இருந்தது. பட்டணத்திற்கு மேலே பழங்காலத்து அணை ஒன்று நீரைத் தேக்கி வைத்திருந்தது. 1883-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்த அணை உடைந்தது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. அம்மாவட்டத்தின் ஆங்கிலேய அதிகாரி சிசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டனர். துன்பம் அதோடு தீரவில்லை. மேற்புறத்து ஈய லம்பங்களில் இருந்து வந்த மணலும் சேறும் ஆற்றின் அடியை ஆண்டுக்காண்டு உயர்த்தின. வெள்ளம் அடிக்கடி வந்தது. 1926-இல் வந்த பெருவெள்ளத்திற்குப் பிறகு இனி இங்கே வாழ முடியாது என்ற நிலை ஏற்பட்டது. மேட்டு நிலத்தில் புதிய பட்டணம் எழுந்தது. அதுதான் கோலகுபு பாரு, அதாவது புதிய கோலகுபு.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? தாத்தா பார்த்த ஆற்றைப் பேரன் பார்ப்பதில்லை. மேலே மனிதர் செய்யும் காரியம் கீழே ஆற்றின் போக்கை மாற்றிவிடுகிறது. அப்படியானால், நம் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது சிலாங்கூர் ஆறு எப்படி இருக்கும்? அதைத்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

முதலில் அந்த ஆற்றைக் கொஞ்சம் அறிந்துகொள்வோம். பிரேசர் மலைச் சரிவுகளில் பிறந்து, கோலகுபு பாருவையும் அம்பாங் பெச்சாவையும் தொட்டு, முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்த பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து, கம்போங் குவாந்தான் வழியாகக் கோல சிலாங்கூரில் அது கடலில் சேர்கிறது. செம்பனைத் தோட்டங்கள் அதன் இரு பக்கமும் உள்ளன. கோலகுபு பாருவுக்கு மேலே சிலாங்கூர் ஆற்று அணை இருக்கிறது. அது 23 கோடி கன மீட்டர் நீரைத் தேக்கக் கூடியது. அதைக் கட்டுவதற்காகப் பெரேத்தாக், கெராச்சி ஆகிய இடங்களில் வாழ்ந்த தெமுவான் பூர்வகுடியினர் தங்கள் கிராமங்களை விட்டு இடம்பெயர்ந்தனர் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. இதன் துணையாகச் சுங்கை திங்கி அணையும் உள்ளது. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய பகுதிகளுக்குப் போகும் சுத்திகரித்த நீரில் ஏறத்தாழ 60 சதவீதம் இந்த ஓர் ஆற்றை நம்பியே இருக்கிறது. நம் தோட்டத்து ஓரத்தில் ஓடும் ஆறு, தலைநகரின் அடுப்பங்கரை வரை போகிறது!

சரி, நாளை நடக்கப் போவதை அறிவியலார் எப்படிச் சொல்கிறார்கள்? அது சோதிடமா? இல்லை. நம் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அடுத்த மாதம் பேர் முழுமையாக விழுந்தால் சம்பளம் இவ்வளவு. மழையினால் ஐந்து நாள் வேலை கெட்டால் இவ்வளவு. பள்ளி திறக்கும் மாதம் என்றால் செலவு இவ்வளவு என்று அம்மா கணக்குப் போடுகிறார் அல்லவா? 'இப்படியானால் இப்படி' என்று இரண்டு மூன்று வகையாகக் கணக்குப் பார்த்து வைப்பவர் எது வந்தாலும் திகைத்து நிற்க மாட்டார். அறிவியலார் செய்வதும் அதுவே. பழைய மழைக் கணக்கு, வெப்பக் கணக்கு, மலையின் சரிவு, மண்ணின் தன்மை எல்லாவற்றையும் கணினியில் இட்டு, காற்று இன்னும் சூடானால் ஆற்றில் எவ்வளவு நீர் ஓடும் என்று கணக்கிடுகிறார்கள்.

நம் நாட்டில் 'நஹ்ரிம்' எனப்படும் தேசிய நீர்வள ஆராய்ச்சிக் கழகம் அத்தகைய ஆய்வு ஒன்றை 2006-ஆம் ஆண்டு வெளியிட்டது. 1984 முதல் 1993 வரை இருந்த நிலையை, 2025 முதல் 2034 வரையிலும் 2041 முதல் 2050 வரையிலும் வரக்கூடிய நிலையோடு அது ஒப்பிட்டது. கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆறுகளில் மழைக்கால வெள்ளம் கூடும் என்றும், கிள்ளான், சிலாங்கூர் ஆறுகளில் வறண்ட மாதங்களின் நீரோட்டம் முன்பைவிடக் குறையும் என்றும் அந்தக் கணக்கு காட்டியது. அது சொன்ன முதல் பத்தாண்டுக்குள் நாம் இப்போது வந்துவிட்டோம்.

ஏன் இப்படி ஆகிறது? எரிபொருளை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் கரியமில வாயு கூடி, பூமி சூடாகிறது. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால், அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாளிலோ மண்ணின் ஈரத்தை வெயில் விரைந்து உறிஞ்சிவிடுகிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டிப் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மாதச் சம்பளம் முழுவதையும் ஒரே நாளில் கொடுத்து, அதே நாளில் செலவழித்துவிடு என்று சொன்னால் குடும்பம் என்ன ஆகும்? ஆற்றின் பாடும் அப்படித்தான். மொத்த அளவைவிட, நீர் எப்போது வருகிறது, அதில் எவ்வளவை நம்மால் பிடித்து வைக்க முடிகிறது என்பதே பெரிய கேள்வி.

இந்த அடிப்படையில் மூன்று நாளைகளை நாம் மனத்தில் வரைந்து பார்க்கலாம். மூன்றுக்கும் முன்னோட்டத்தை நாம் ஏற்கெனவே கண்டிருக்கிறோம்.

முதலாவது, நீர் போதாத நாளை. 1997, 1998-ஆம் ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடல் சூடேறும் 'எல் நினோ' நிகழ்ந்து மழை பொய்த்தது. 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக் கணக்கில் நீர்ப்பங்கீடு நடந்தது. அதன் பிறகே சிலாங்கூர் ஆற்று அணை கட்டி முடிக்கப்பட்டது. இனிக் கவலை இல்லை என்று பலர் எண்ணினார்கள். ஆனால் 2014-இல் சில மாத வறட்சியிலேயே அந்த அணையின் நீர் 40 சதவீதத்திற்கும் கீழே இறங்கியது. இரண்டு நாள் நீர், இரண்டு நாள் இல்லை என்று மீண்டும் பங்கீடு வந்தது. பெஸ்தாரி ஜெயா பக்கத்து ஈய லம்பக் குட்டைகளில் இருந்து ஆற்றுக்கு நீர் இறைக்க வேண்டியதாயிற்று. அணை இருந்தால் மட்டும் போதாது. அதில் விழ மழை வேண்டும்.

இரண்டாவது, நீர் மிஞ்சிய நாளை. 2021 டிசம்பரில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் சிலாங்கூரில் பல இடங்களில் கொட்டியது. வீடுகள் மூழ்கின, உயிர்கள் போயின. ஆற்றோரத் தாழ்நிலங்களில் வாழும் நமக்கு இது பிறர் கதை அன்று.

மூன்றாவது, நீர் இருந்தும் குடிக்க முடியாத நாளை. 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் சுங்கை கோங் என்ற சிற்றாற்றில் கழிவு கலந்தது. சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டது. அப்போது அணையில் நீர் இல்லாமல் போகவில்லை. ஆற்றில் ஓட்டம் குறையும் காலத்தில் சிறிதளவு கழிவும் பெரிய நஞ்சாகும்; கலந்து கரைய நீர் இராது. கோல சிலாங்கூர்ப் பக்கமோ, ஆறு மெலிந்தால் கடலின் உப்பு நீர் மேலேறி வரும். கடல் மட்டம் உயர உயர அது இன்னும் உள்ளே வரும். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளும் நன்னீரும் உப்பு நீரும் அளவோடு கலக்கும் அந்த ஆற்றங்கரையை நம்பித்தான் உயிர் வாழ்கின்றன.

இவற்றால் தோட்டக் குடும்பங்களுக்கு என்ன? செம்பனைக்குச் சீரான மழை வேண்டும். வறட்சி வந்தால் மரத்தில் பெண் பூ குறைந்து ஆண் பூ மிகும். அந்த நட்டம் உடனே தெரியாது. ஓரிரு ஆண்டுகள் கழித்துக் குலை குறையும்போது தெரியும். குலை குறைந்தால் கூலியும் குறையும். கித்தா மரமோ, விடாத மழையில் வெட்ட முடியாமல் நிற்கும். வீட்டிலே பார்த்தால், குழாய் நின்ற நாளில் வாளி தூக்குபவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளுமே. தோட்டத்துக் குளத்தையோ சிற்றாற்றையோ நம்பியிருக்கும் லயங்களில் வறட்சியின்போது நீர் கலங்கும். வயிற்றுப்போக்கும் தோல்நோயும் தொடரும்.

அப்படியானால் அஞ்சி ஒடுங்க வேண்டுமா? தேவையில்லை. மூன்று நாளைகளில் எது வரும் என்பதில் வானத்திற்குப் பாதிப் பங்கு என்றால், மீதிப் பங்கு மனிதர் கையில் இருக்கிறது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பழமொழி. போடும் அணை உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அம்பாங் பெச்சா சொல்லும் பாடம்.

நாட்டின் அளவில் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, மலைக் காடுகளையும் வட சிலாங்கூரின் கரிச்சேற்றுக் காட்டையும் காப்பது. கரிச்சேற்றுக் காடு பஞ்சு போல மழையை உறிஞ்சி வைத்து, மெதுவாக விடுகிறது. அதை வடித்து உலர்த்தினால் நீரும் போகும். வெயில் காலத்தில் தீயும் பிடிக்கும். இரண்டு, ஒழுகும் குழாய்களைச் சரிசெய்வது. நாட்டில் சுத்திகரித்து அனுப்பும் ஒவ்வொரு 100 லிட்டரிலும் 30 லிட்டருக்கு மேல் ஒழுக்கிலும் கணக்கில் வராமலும் போகிறது. மூன்று, ஆற்றில் கழிவு விடுவோரைத் தடுப்பது.

வீட்டின் அளவில் என்ன செய்யலாம்? ஒரு கணக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர் நீர். எட்டு மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள கூரை 40 சதுர மீட்டர். ஒரு மாலையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர்! சிந்தியது போக 800 லிட்டர் பிடித்தாலும், 200 லிட்டர் டிரம் நான்கு நிறையும். அவசர காலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது மூன்று நாளுக்கு வரும். முதலில் விழும் அழுக்கு நீரை விட்டுவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். டிரம்மை இறுக மூடி வைக்க வேண்டும். இல்லையேல் கொசு முட்டையிட்டு டெங்கிக் காய்ச்சலைக் கொண்டுவரும். இந்த நீர் துவைக்கவும் கழுவவும் ஆகும். குடிப்பதற்குக் கொதிக்க வைத்த குழாய் நீரே நல்லது.

ஆனால் டிரம் வைத்துக்கொள்வதோடு நம் கடமை முடியவில்லை. தொழிலாளர் குடியிருப்பின் அடிப்படை வசதிகளுக்காக 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446-ஆம் எண் சட்டம், இருக்கிறது. குடியிருப்புக்குப் போதுமான நீர் வசதி செய்து தருவது முதலாளியின் பொறுப்பு என்கிறது அது. ஆகவே தோட்டக் கூட்டங்களில், தொழிற்சங்கக் கிளையில் நாம் சில கேள்விகளைக் கேட்கலாம். நம் குடியிருப்பு நீர் எங்கிருந்து வருகிறது? அதைச் சோதிப்பவர் யார்? இரண்டு மாதம் மழை இல்லையென்றால் என்ன ஏற்பாடு? ஆறு கரை மீறினால் முதியோரையும் குழந்தைகளையும் எந்த மேட்டுக்குக் கொண்டுபோவது? வறட்சியும் வெள்ளமும் வராத இன்றைக்கே கேட்டால்தான் விடை தேட நேரம் இருக்கும்.

கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே வள்ளுவர் மழையின் சிறப்பை வைத்தார். மழைக்கு அந்த இடத்தைக் கொடுத்த மரபில் வந்தவர்கள் நாம். பழைய கோலகுபு மக்களுக்கு ஆறு மாறப் போவதை முன்கூட்டிச் சொல்ல எவரும் இருக்கவில்லை. நமக்குச் சொல்லியாகிவிட்டது. நம் மாவட்ட வரைபடத்தை விரித்து, நம் வீட்டுக் குழாய் நீர் பிறக்கும் இடத்தில் இருந்து அது கடலில் சேரும் இடம் வரை விரலால் தொட்டுக் காட்டுமாறு பிள்ளைகளிடம் இன்று மாலை கேட்போம். அந்த ஆற்றைக் கட்டிக் காக்கப் போகிறவர்கள் அவர்களே.