அன்னா மணிக்குத் தராத பட்டம்

1945 ஆகஸ்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஓர் ஆய்வேடு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. வைரமும் மாணிக்கமும் ஒளியை உறிஞ்சி உமிழும் விதம் பற்றியது அது. எழுதியவர் அன்னா மணி. திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, 1940 முதல் சி.வி. இராமனின் ஆய்வகத்தில் வேலை செய்தவர். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலையை அவர் பதிவு செய்தார். ஒரு ஒளிப்படத் தட்டில் நிறமாலை விழ 15 முதல் 20 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. 1942-க்கும் 1945-க்கும் இடையில் அவர் தனியாளாக எழுதி வெளியிட்ட கட்டுரைகள் ஐந்து.

பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. அவரிடம் எம்.எஸ்சி. பட்டம் இல்லை, பி.எஸ்சி. ஆனர்ஸ்தான் இருக்கிறது என்பது காரணம். ஆய்வின் தரத்தைப் பற்றிய மறுப்பு அன்று அது, படிவத்தைப் பற்றிய மறுப்பு. பட்டமாகாத அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகத்தில் இருக்கிறது.

விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஆனால் அதே ஆய்வகத்தில் பத்துக் கட்டுரைகள் வரை எழுதிய சுனந்தா பாய்க்கும் பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு முன்பு, 1933-இல், கமலா பாகவத் இந்திய அறிவியல் கழகத்தில் இடம் கேட்டபோது பெண் என்பதாலேயே இராமன் முதலில் மறுத்தார். பிறகு ஓராண்டு சோதனை முறையில் சேர்த்துக்கொண்டார். கமலா சோஹோனி என்று பின்னாளில் அறியப்பட்ட அவர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். கேரளக் கதை இன்னும் பழையது. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் மேரி புன்னன் லூக்கோஸுக்கு அறிவியல் படிக்க அனுமதி கிடைக்கவில்லை. வரலாறு படித்து 1909-இல் பட்டம் பெற்றார், பின்னர் இலண்டன் சென்று மருத்துவரானார், திருவிதாங்கூரின் மருத்துவத் துறைக்கே தலைமை தாங்கினார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லலாம். வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தக் காரணங்கள் நிற்பதில்லை.

அன்னா மணியோ, பெண் என்பதால் தமக்குத் தடை நேர்ந்ததாகச் சொல்லிக்கொள்ள விரும்பாதவர். பட்டம் இல்லாமலேயே அரசு உதவித்தொகையில் இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். இயற்பியல் ஆய்வுக்கு அதில் இடமில்லை. இருந்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. 1948-இல் திரும்பிவந்து புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி, காற்றுமானி எல்லாமே அப்போது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. ஏறக்குறைய நூறு கருவிகளுக்கான வரைபடங்களை ஒழுங்குபடுத்தி உள்நாட்டிலேயே செய்ய வழிசெய்தார். 1953-இல் அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் 121 ஆண்கள். 1957-58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டிச் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். 1963-இல் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தும்பா ஏவுதளத்தின் வானிலைக் கூடத்தையும் அமைத்துக் கொடுத்தார்.

அந்தச் சூரியக் கதிர்வீச்சு அளவுகளெல்லாம் 1980-இலும் 1981-இலும் இரண்டு பெரிய நூல்களாக வந்தன. எந்த ஊரில், எந்த மாதத்தில், எவ்வளவு வெயில் என்ற கணக்கு இல்லாமல் சூரிய மின்னாற்றலைத் திட்டமிட முடியாது. 2015 ஆகஸ்டில் கொச்சி விமான நிலையம் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமானது. ஜூன், ஜூலை மாதங்களில் வானம் மூடியே கிடக்கும் கொச்சியில் அப்படியொரு திட்டம் போட மேகமும் வெயிலும் கணக்குக்குள் வந்திருக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு இந்தியாவில் அடித்தளம் போட்டவர் பீர்மேட்டுக்காரர் என்பது விமான நிலையத்துக்குள் நடப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இயற்பியலில் அன்னா மணிக்கு இணையான பெயர் கல்கத்தாவின் பிபா சௌத்ரி. டி.எம். போஸுடன் சேர்ந்து டார்ஜிலிங் போன்ற உயரமான மலையிடங்களில் ஒளிப்படத் தட்டுகளை வைத்து, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் தடங்களைப் பதிவு செய்தார். 1941-42-இல் 'நேச்சர்' இதழில் முடிவுகள் வந்தன. போர்க்காலத்தில் இன்னும் நுண்ணிய தட்டுகள் கிடைக்காததால் வேலை நின்றது. அதே முறையை மேம்பட்ட தட்டுகளில் செய்து பை-மெசான் என்ற துகளைக் கண்ட செசில் பவலுக்கு 1950-இல் நோபல் கிடைத்தது. நோபல் தவறியதற்குத் தட்டுகளின் தட்டுப்பாட்டைச் சொல்லலாம். ஆனால் டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தின் முதல் பெண் ஆய்வாளரான பிபாவை இந்திய அறிவியல் அகாதெமிகள் எதுவும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்காததற்கு என்ன சொல்வது? அவர் 1991-இல் இறந்தார். 2019-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒரு விண்மீனுக்கு 'பிபா' என்று பெயர் சூட்டியது.

இன்றைய நிலை அந்த அளவுக்கு இருட்டில்லை. பாலக்காட்டைச் சேர்ந்த அன்னபூரணி சுப்பிரமணியம் 2019-இல் இந்திய வான் இயற்பியல் கழகத்தின் முதல் பெண் இயக்குநரானார். காவலூர் தொலைநோக்கி நிலையம் இந்தக் கழகத்தினுடையது. அதே ஆண்டு இந்திய வானியல் சங்கத்தின் தலைமைக்கு முதன்முறையாக ஒரு பெண், ஜி.சி. அனுபமா, வந்தார். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தை நடத்தியவர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி. ஆனாலும் இயற்பியலுக்கான பட்நாகர் விருது ஒரு பெண்ணுக்கு, அதிதி சென் டேக்கு, முதன்முறையாகப் போய்ச்சேர 2018 வரை ஆயிற்று. அந்த விருதுக்கு வயது வரம்பு 45. பிள்ளைப்பேற்றிலும் குடும்பப் பொறுப்பிலும் சில ஆண்டுகளை விட்டுக்கொடுப்பவருக்கு இந்த வரம்பு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இடைவெளிக்குப் பின் ஆய்வுக்குத் திரும்பும் பெண்களுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் கேரள அறிவியல் குழுவும் உதவித்தொகைகள் வைத்திருக்கின்றன. நல்ல ஏற்பாடு, ஆனால் உதவித்தொகை முடிந்ததும் நிரந்தர வேலை கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை.

ஒரு சின்ன மாற்றம் எவ்வளவு செய்யும் என்பதற்கு ஹபிள் தொலைநோக்கியே சான்று. அதில் நோக்கு நேரம் கேட்டு உலகெங்கும் இருந்து விண்ணப்பங்கள் குவியும். 2018-இல் விண்ணப்பித்தவர் பெயரை மறைத்துவிட்டு மதிப்பிட்டார்கள். பெண்கள் தலைமையேற்ற விண்ணப்பங்களில் 8.7 விழுக்காடும் ஆண்களுடையவற்றில் 8.0 விழுக்காடும் தேறின. அதற்கு முன் ஆண்டுதோறும் ஆண்கள் பக்கமே சற்றுச் சாய்ந்திருந்த தராசு இது. வேறு எதையும் மாற்றவில்லை, பெயரை மறைத்தார்கள், அவ்வளவுதான்.

பழைய கணக்கைத் தீர்க்கவும் முன்னுதாரணம் உண்டு. எடின்பரோவில் 1869-இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, பட்டம் மறுக்கப்பட்ட ஏழு பெண்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் 2019-இல், அவர்கள் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து, பட்டம் வழங்கியது. அன்னா மணி 2001-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். ஆய்வேடு பத்திரமாக இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் அதை எடுத்துப் படித்து, 1945-இல் தந்திருக்க வேண்டிய பட்டத்தை இப்போதாவது தர வேண்டும்.