சுயநிர்ணயம்: கேள்வி லண்டனில், பதில் யாரிடம்?

பிரித்தானியா முழுவதும் வாழும் ஈழத் தமிழர் 2010 ஜனவரி 30, 31 நாள்களில் தாங்களே நடத்திய வாக்கெடுப்பில் 64,000க்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். 99 விழுக்காட்டுக்கும் மேல் தமிழீழத் தனியரசையே ஆதரித்தனர். பாதுகாப்பாக லண்டனில் இருப்பவர்கள் யாழ்ப்பாணத்தின் தலைவிதியை எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுத முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை உலகின் முன் வைக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

ஏனென்றால், ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கவே சட்டம் இடம் தரவில்லை. தனித் தமிழீழம் கோரிய 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்து 1977 தேர்தலில் நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது. 1983 ஆகஸ்டில் வந்த, இலங்கை அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம், அமைதி வழியில் தனிநாடு கோருவதையும் குற்றமாக்கியது. அதன்படி உறுதிமொழி எடுக்க மறுத்த கூட்டணியினர் நாடாளுமன்றப் பதவியை இழந்தனர். உள்ளே வாய் கட்டப்பட்டிருக்கும்போது வெளியே இருப்பவர்கள்தான் பேசியாக வேண்டும்.

பதில் சொல்வது யார் என்பதற்குப் பிரித்தானியாவிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 2014 ஸ்கொட்லாந்து வாக்கெடுப்பில் லண்டனில் குடியிருந்த ஸ்கொட்லாந்துக்காரருக்கு வாக்கில்லை. எடின்பரோவில் முறைப்படி குடியிருந்த இலங்கைக் குடிமகனுக்கு இருந்தது. ‘அவர்கள் விரும்பிக் குடிபெயர்ந்தவர்கள், நாங்கள் குண்டுக்குத் தப்பி வந்தவர்கள்’ என்று தமிழர் மறுக்கலாம். மறுப்பு சரியானதே. அதற்கான விடை காஷ்மீர் பற்றிய ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1948ஆம் ஆண்டுத் தீர்மானம் 47இல் இருக்கிறது: கலவரத்தால் வெளியேறிய குடிமக்கள் திரும்பி வந்து தங்கள் உரிமைகளைப் பயன்படுத்தலாம் என்கிறது அது. அத்தீர்மானம் கோரிய வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை; நெறி மட்டும் நிற்கிறது.

அந்த நெறி எல்லோருக்கும் பொது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கை விட்டு 1990இல் ஓடிய இந்துப் பண்டிதர்களைச் சேர்க்காத வாக்கு காஷ்மீரின் வாக்கு ஆகாது. அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசமே தந்தார்கள். அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் சேர்க்காத வாக்கு வடக்கின் வாக்கு ஆகாது. இதைச் சொன்னால் கோரிக்கை பலவீனப்படும் என்று அஞ்சுவோர் உண்டு. சொல்லாமல் விட்டால்தான் பலவீனம்: தன் மண்ணின் சிறுபான்மைக்கு மறுக்கும் உரிமையை ஓர் இனம் தனக்கு எப்படிக் கேட்கும்? எனவே லண்டன் தமிழர் கேட்க வேண்டியது மூன்று: ஆறாவது திருத்தம் நீங்க வேண்டும், விரட்டப்பட்ட எல்லோரும் திரும்ப வழி வேண்டும், சமஷ்டியா தனிநாடா என்பதை அந்த மண்ணின் மக்களே அச்சமின்றித் தீர்மானிக்க வேண்டும்.