நியூயார்க் செய்த முடிவு

அமெரிக்கக் குடியரசுத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர் என்று சொல்லிவிடுகிறோம். சட்டப்படி அது முழு உண்மை அன்று. மக்கள் தத்தம் மாநிலத்தின் தேர்வுக் குழுவினரைத் தேர்ந்தெடுக்க, அக்குழுவினரே தலைவரைத் தேர்கின்றனர். ஒரு மாநிலத்தின் பிரதிநிதி சபை உறுப்பினர் எண்ணிக்கையோடு செனட்டர் இருவரையும் கூட்டினால் அதன் குழுவின் அளவு கிடைக்கும். பெரும்பாலான மாநிலங்களில், ஒரே வாக்கு மிகுந்தாலும் வென்றவருக்கே குழு முழுவதும் சேரும். நம் நாட்டிலும் குடியரசுத் தலைவரைத் தேர்பவர் சட்டமன்ற, பாராளுமன்ற உறுப்பினரே. ஆயினும் மாநிலத்தை முழுதாக அள்ளிக் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை.

இம்முறையின் வலிமையை 1884ஆம் ஆண்டுத் தேர்தலில் காணலாம். 1860 முதல் ஆறு தேர்தல்களில் தொடர்ந்து வென்றிருந்த குடியரசுக் கட்சி, ஜேம்ஸ் பிளெயினை நிறுத்தியது. நாவன்மை மிக்கவர்; ஆனால் இரயில்வே நிறுவனங்களிடம் ஆதாயம் பெற்றார் என்ற பழி அவரை விடவில்லை. சனநாயகக் கட்சிக்கு நியூயார்க் கவர்னர் குரோவர் கிளீவ்லாந்து. தென் மாநிலங்கள் கிளீவ்லாந்தின் பக்கம் உறுதியாக நின்றன. 36 இடங்கள் கொண்ட நியூயார்க்கோ ஊசலாடியது.

பிளெயினின் தாயார் ஐரிஷ் கத்தோலிக்கர். ஆகவே, வழக்கமாகச் சனநாயகக் கட்சிக்கே வாக்களித்த நியூயார்க் ஐரிஷ் மக்களிற் பலர் அவர்பால் சாய்வர் என்று எதிர்பார்க்கப்பட்டது. அக்டோபர் 29 அன்று அவரை வரவேற்ற கூட்டத்தில் பர்ச்சார்ட் என்னும் பாதிரியார், எதிர்க்கட்சியைச் சாராயமும் ரோம சமயமும் கலகமும் சேர்ந்த கட்சி என்று இகழ்ந்தார். பிளெயின் உடனே மறுக்கவில்லை. அன்றிரவே கோடீசுவரர்களோடு விருந்துண்டார்! மறுநாள் பத்திரிகைகளுக்குக் கேட்க வேண்டுமா?

நவம்பர் 4 அன்று பதினொன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அம்மாநிலத்தில் வாக்களித்தனர். அனைவரும் ஆண்கள், நியூயார்க் பெண்களுக்கு அவ்வுரிமை 1917இல்தான் வந்தது. கிளீவ்லாந்து ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளால் வென்றார். நாடு முழுவதும் அவருக்கு 219 இடம், பிளெயினுக்கு 182. அந்த 36ஐ இடம் மாற்றிப் பாருங்கள்: பிளெயினுக்கு 218, கிளீவ்லாந்துக்கு 183. ஏறத்தாழ அறுநூறு பேர் மனம் மாறியிருந்தால் போதும்.

பாதிரியாரின் வாயே பிளெயினைக் கெடுத்தது என்பார் பலர். என்னால் அதை அப்படியே ஒப்ப முடியவில்லை. முன்பு குடியரசுக் கட்சியிலிருந்த செயின்ட் ஜான், மதுவிலக்குக் கட்சியின் சார்பில் நின்று அம்மாநிலத்தில் மட்டும் சுமார் 25,000 வாக்குகளைப் பெற்றார். பிளெயினின் பழம்பகைவர் ராஸ்கோ காங்க்லிங் அவருக்காக ஒரு மேடையும் ஏறவில்லை. காங்க்லிங்கின் சொந்த மாவட்டமும் கிளீவ்லாந்துக்கே போயிற்று. இத்தனை சிறிய வித்தியாசத்தில் இவற்றுள் எதுவும் போதுமான காரணமே.

நான்கு ஆண்டு கழிந்தது. 1888இல் கிளீவ்லாந்து நாடெங்கும் எதிரியைவிட மிகுதியான வாக்குகள் பெற்றார். நியூயார்க் இம்முறை பெஞ்சமின் ஹாரிசனுக்குச் சென்றது. வெள்ளை மாளிகையும் அவருக்கே சென்றது.